முதல் கிட்டார் வாங்கப் போகிறவர்களே, என் 9,400 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று மாலைதான் உண்மை தெரிந்தது. இரவு கண் மூடவில்லை. கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் கிட்டார் வாங்கும்போது பார்க்க வேண்டிய பத்து விஷயங்களைக் கடைசியில் வரிசையாகத் தருகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எனக்கு 42 வயது. மதுரையில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். கிட்டார் ஆசை கல்லூரி நாள்களிலேயே வந்தது. தங்கை கல்யாணம், வீட்டு வாடகை, பையன் படிப்பு என்று தள்ளிக்கொண்டே போய், இந்த ஆண்டு சீட்டுப் பணம் கைக்கு வந்தபோது என் மனைவியே, "வாங்கித் தொலையுங்கள், எத்தனை வருடம்தான் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள்" என்றாள். வகுப்புக்குப் போக நேரம் கிடையாது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பேசியில் பாடம் பார்த்து நானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. மிருதங்கம், ஆர்மோனியம், கீபோர்டு எல்லாம் வைத்து விற்கும் பழைய இசைக்கருவிக் கடை. இணையத்தில் வாங்கினால் ஏமாற்றிவிடுவார்கள், கண்ணால் பார்த்து, கையால் தொட்டு வாங்க வேண்டும் என்று நினைத்துத்தான் அங்கே போனேன். எனக்கு நன்றாக வேண்டும்.

கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றியில் விபூதி. முதலில் அவர் கிட்டாரை எடுக்கவில்லை, என் இடது கையை எடுத்தார். விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்துவிட்டு, "நல்ல நீள விரல், தம்பி. இது கிட்டாருக்கென்றே வந்த விரல்" என்றார். 42 வயதில் ஒருவனிடம் அப்படிச் சொன்னால் என்ன ஆகும்? அங்கேயே விழுந்துவிட்டேன். பிறகு மேலே தொங்கிய ஒரு கிட்டாரை இறக்கினார். ஒலித்துளைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை என் கண் முன்னாலேயே சர்ரென்று உரித்து, "புத்தம் புதுசு, நீங்கள்தான் பிரிக்கிறீர்கள்" என்றார். டியூனர் எதுவும் இல்லாமல் காதாலேயே சுருதி கூட்டி, சி, ஜி, ஏ மைனர் என்று நாலு கார்ட் (பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டு) வாசித்தார். தேன் மாதிரி இருந்தது. அவர் கை மூன்றாவது ஃபிரெட்டை (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தாண்டவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அன்றைக்கு நான் பார்த்தது அவர் விரலை அல்ல, பாட்டில் லயித்திருந்த அவர் முகத்தை.

விலை 11,000 என்றார். டீ வரவழைத்தார். 9,400-க்கு இறங்கினார். "ஜிஎஸ்டி பில் போட்டால் மேலே வரி ஏறும், உங்களுக்கு எதற்கு வீண் செலவு" என்று ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். அதையும் நன்றியோடு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் கேட்டபடி 9,400 ரூபாயும் ரொக்கம்.

முதல் வாரம் விரல் நுனி எரிந்தது. எல்லோருக்கும் எரியும், தோல் காய்த்துவிட்டால் சரியாகும் என்று பாடத்தில் சொன்னார்கள். இரண்டாம் வாரம் நுனியில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்தது. சோறு பிசையும்போது குழம்பு பட்டால் சுரீர் என்கும். மூன்றாம் வாரமும் எஃப் கார்ட் பிடித்தால் ஆறு கம்பியில் இரண்டுதான் பேசியது. மேல் ஃபிரெட்டுகளில் எதை அழுத்தினாலும் சுருதி கோணலாகவே கேட்டது. பையன் பக்கத்து அறையிலிருந்து கதவைச் சாத்திவிட்டான்.

கடைக்குப் போனேன். "விரல் இன்னும் பழகவில்லை, தம்பி. ஆறு மாதம் ஆகும்" என்றார். போன மாதம் கிட்டாருக்கென்றே வந்த விரல், இந்த மாதம் பழகாத விரல். கேட்கத் தோன்றவில்லை. கம்பி மாற்றினால் விரலுக்கு மென்மையாக இருக்கும் என்று 650 ரூபாய்க்கு ஒரு செட் கம்பி விற்றார். மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை. மறுபடி போனபோது, "மழைக்காலம், மரம் ஈரம் இழுக்கும், வெயில் வரட்டும்" என்றார். வெயில் வந்தது.

தானே கற்றுக்கொள்கிறவனுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. தவறு கையிலா, கருவியிலா என்று அவனுக்குத் தெரியாது. நான்கு மாதம் நான் என்னையே திட்டிக்கொண்டேன். வயதாகிவிட்டது, ஞானம் இல்லை, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று. 9,400 ரூபாயை விட அந்த நான்கு மாதம்தான் அதிகம் எரிகிறது.

நேற்று அச்சகத்து நண்பரின் மகன் வீட்டுக்கு வந்தான். தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். எடுத்து ஒரு நிமிடம் வாசித்தான். "அங்கிள், இதில் எஃப் என்னாலேயே பிடிக்க முடியவில்லை" என்றான். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பிறகுதான் வயிறு கலங்கியது.

அவன் கிட்டாரைத் துப்பாக்கி போலக் கண்ணுக்கு நேரே பிடித்து நெக்கின், அதாவது அதன் கழுத்தின், நீளத்துக்குப் பார்த்தான். என்னையும் பார்க்கச் சொன்னான். நடுவில் குழிந்து, வில் போல முன்பக்கம் வளைந்திருந்தது. பையனின் ஸ்கேலை வாங்கி 12-வது ஃபிரெட்டில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தான். தடித்த கம்பியில் இரண்டரை மில்லிமீட்டர் போல இருக்க வேண்டுமாம், இதில் ஐந்து. அவ்வளவு தூரம் இழுத்து அழுத்தினால் சுருதி மேலே ஏறத்தானே செய்யும்? கைப்பேசியில் டியூனர் செயலியைத் திறந்து காட்டினான். 12-வது ஃபிரெட்டின் மேல் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் முள் நடுவில் நிற்கிறது, அதே இடத்தில் அழுத்தி மீட்டினால் 30 சென்ட் மேலே போகிறது. 100 சென்ட் என்றால் அரை ஸ்வரம். நான் நான்கு மாதம் பயிற்சி செய்தது அந்தக் கோணல் சுருதியில்.

எஃகுக் கம்பி ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ அளவுக்கு நெக்கை இழுக்கும், அதைத் தாங்க உள்ளே ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புக் கம்பி உண்டு, அல்லன் கீ என்ற ஆறுமூலைச் சாவி வைத்துத் திருகினால் வளைவு நிமிரும் என்றான். திருகினான். பிடிப்பே இல்லாமல் சும்மா சுழன்றது.

கடைசியாக என் கட்டை விரலைப் பிடித்து நெக்கின் பின்பக்கம், தலைப்பகுதி தொடங்கும் இடத்தில் வைத்துத் தேய்க்கச் சொன்னான். நகம் ஓரிடத்தில் தட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு, அதைச் சுற்றி மட்டும் கறுப்பு வண்ணம் வேறு பளபளப்பு. ஒடிந்த கிட்டார். பசை போட்டு ஒட்டி, வண்ணம் அடித்து, பிளாஸ்டிக் தாளையும் ஒட்டி, புத்தம் புதுசு என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். 9,400 ரூபாய்க்கு!

உடனே கடைக்கு ஓடினேன். அன்றைக்குத் "தம்பி", நேற்று "சார்". "நீங்கள் கீழே போட்டிருப்பீர்கள் சார்." போட்டுவிட்டு நானே வண்ணமும் அடித்தேனா என்று கேட்டேன். "முதலாளி வெளியூர் போயிருக்கிறார்." அப்படியானால் நான்கு மாதமாக முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்த நீங்கள் யார்? பதில் இல்லை. பட்டறைக்கு அனுப்பிப் பார்க்கலாம், 2,500 ஆகும் என்றார். துண்டுச் சீட்டை நீட்டினேன். "இது பில் இல்லையே சார், எஸ்டிமேட். எங்கள் கடைப் பெயர் இதில் எங்கே இருக்கிறது?" திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உண்மையிலேயே இல்லை. இரவு வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, அவ்வளவுதான்.

பத்து விஷயம் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. வாசிக்கத் தெரிந்த ஒருவரை, பதினைந்து வயதுப் பிள்ளையானாலும் சரி, கூடக் கூட்டிப் போங்கள். கடைக்காரர் வாசிப்பதைக் கேட்காதீர்கள், ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் நீங்களே அழுத்திப் பாருங்கள். ஸ்கேல் கொண்டு போங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். நெக்கின் பின்புறம் நகத்தை ஓட்டுங்கள். கடைப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் அச்சிட்ட பில் இல்லாமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள், ரொக்கமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். விரலைப் புகழ்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காலையிலிருந்து முயல்கிறேன், இப்போதுதான் மணி அடிக்கிறது. சீட்டில் கடைப் பெயர் இல்லாவிட்டாலும் அவர் கையெழுத்து இருக்கிறது, கம்பி வாங்கிய 650 ரூபாயைக் கைப்பேசியில் அனுப்பிய பதிவும் இருக்கிறது. இதே மாதிரி அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், போன் எடுத்துவிட்டார்கள்.