டைக்கிரிக்குச் சீனிப்பாகா, கருப்பட்டிப்பாகா?

வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, இனிப்பு என்ற மூன்றே பொருள்களில் முடிந்துவிடும் கலவை டைக்கிரி. கியூபாவில் சாந்தியாகோ நகருக்கு அருகே உள்ள ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய இதனை, 1898 வாக்கில் அப்பகுதி இரும்புச் சுரங்கத்தில் பணியாற்றிய ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கியதாகச் சொல்வார்கள். திருநெல்வேலிப் பக்கம் வீட்டில் இதைக் கலக்குபவருக்கு ரம்மைப் பற்றி யோசிக்க அதிகமில்லை, கடையில் இருப்பதுதான் கிடைக்கும். எலுமிச்சைக்குப் புளியங்குடி இருக்கிறது. எஞ்சுவது இனிப்பு. சீனியா, உடன்குடிக் கருப்பட்டியா என்றால், இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு நான் சீனியின் பக்கமே நிற்கிறேன். கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்தவன் இப்படி எழுதுவது ஊரில் பலருக்கு உவப்பாக இராது.

விலையில் சீனி மலிவு. நிறத்தில் சீனி தெளிவு. மணத்தில் கருப்பட்டிக்கு நிகரில்லை. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: பாகின் இனிப்பு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்கிறதா என்பது.

நான் கலக்கும் அளவு, ரம் 60 மில்லி, சாறு 20 மில்லி, பாகு 15 மில்லி. 100 கிராம் சீனியை 100 மில்லி வெந்நீரில் கரைத்தால் அந்த 15 மில்லியில் ஏறத்தாழ 9 கிராம் சீனி இருக்கும். இன்றைக்கும் அதுதான், அடுத்த மாதமும் அதுதான். (அடுப்பில் வைத்துக் கம்பிப் பதத்துக்குக் கொண்டுபோய்விடக் கூடாது; நீர் வற்றினால் கணக்கும் மாறிவிடும்.) எலுமிச்சையின் புளிப்பு பழத்துக்குப் பழம் வேறுபடுவதால், தராசின் ஒரு தட்டு ஆடிக்கொண்டே இருக்கும், மற்றத் தட்டாவது அசையாமல் இருந்தால்தான் சரிபார்க்க முடியும்.

கருப்பட்டி அப்படி நிற்பதில்லை. அது ஈரத்தை உறிஞ்சும் பொருள். கோடையில் கல்லைப்போல் இருந்த வட்டு, ஐப்பசி கார்த்திகை மழையில் நெகிழ்ந்து விரலில் ஒட்டுகிறது. அந்த ஈரமும் சேர்த்துத்தான் தராசில் நிற்கிறது என்பதால், அதே 100 கிராமில் இனிப்பு குறைந்துவிடுகிறது. சீனி கலந்து காய்ச்சிய கருப்பட்டியும் சந்தையில் உண்டு என்பதால், கடை மாறினால் சுவையும் மாறுகிறது. தட்டிக் கரைத்த பின் வெள்ளைத் துணியில் வடிகட்டினால் அடியில் மண்ணும் தும்பும் தங்கும். அதைச் செய்யாமல் விட்டால் கடைசி மிடறு நறநறக்கும். என் அனுபவத்தில் குளிர்பெட்டியில் வைத்தாலும் சீனிப்பாகை விட முந்திப் புளிவாடை காட்டுவதும் கருப்பட்டிப்பாகுதான்.

சுவைக்கு வருவோம். இறுகிய மூடியுள்ள ஜாடியில் பனிக்கட்டியோடு பத்துப் பதினைந்து விநாடி பலமாகக் குலுக்கி, வெளிப்புறம் வேர்த்ததும் தேநீர் வடிகட்டியில் ஊற்றினால், சீனிப்பாகு போட்ட டைக்கிரி இளம்பச்சை கலந்த வெண்மையாக, மேலே மெல்லிய நுரையோடு இறங்கும். முதலில் மூக்கைத் தொடுவது எலுமிச்சைத் தோலின் மணம். கருப்பட்டி போட்டால் முதலில் வருவது புகையும் சற்றே உப்பும். எலுமிச்சை பின்னால் போய்விடுகிறது, வெள்ளை ரம் இருக்கும் இடமே தெரிவதில்லை. அதுவும் குடிக்க நன்றாகவே இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மூன்று பொருளும் தனித்தனியே தெரிய வேண்டிய கலவையில் ஒன்றே பேசிக்கொண்டிருக்கிறது.

கருப்பு ரம் என்றால் என் கட்சி தளர்கிறது. 1954 முதல் விற்பனையில் இருக்கும் ஓல்ட் மங்க் போன்ற ரம்மில் வனிலா மணமும் கருகிய சீனியின் சாயலும் ஏற்கெனவே இருப்பதால், கருப்பட்டி அங்கே அந்நியமாக நிற்காது. இந்தச் சேர்க்கையை நான் அதிகம் செய்து பார்த்ததில்லை; ருசித்த வரையில், சாற்றை 25 மில்லியாக உயர்த்தினால் பொருந்துகிறது. சுக்குக் கருப்பட்டியைத் தவிர்க்கலாம். அதிலுள்ள காரம் குளிர்ந்த பானத்தில் தொண்டையைப் பிடிக்கிறது.

வெள்ளை ரம்மிலும் கருப்பட்டிதான் வேண்டும் என்பவர்கள், பாகைச் சாற்றோடு மட்டும் முதலில் கலந்து, 10 மில்லியில் தொடங்கி நாக்கில் வைத்துப் பார்த்துக் கூட்டிக்கொண்டு, ரம்மைக் கடைசியில் ஊற்றுவது நல்லது.