"ஜெர்மேனியம் போட்டுத் தர்றோம்" என்றால், மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஃபஸ் பெடலை (கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் பெட்டி) மாடிஃபை செய்யக் கொடுக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

ஈரோட்டில் சர்ச் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கும் ஒரு தம்பியின் பெடல் இது. ஃபஸ் ஃபேஸ் என்ற பழைய பெடலின் சர்க்யூட், உள்ளே இரண்டு பிசி108 சிலிக்கான் ட்ரான்சிஸ்டர். கோவையில் ஒரு பட்டறையில் கொடுத்திருக்கிறார். சிலிக்கானுக்குப் பதில் பழைய கால ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர், பெடலை அணைத்தால் கிட்டார் சத்தத்தை அப்படியே வெளியே விடும் ட்ரூ பைபாஸ் ஸ்விட்ச், எல்இடி, அடாப்டர் ஜாக் எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய். பில்லில் கையால் "ஏசி128 - 2" என்று எழுதியிருக்கிறது, அது ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டரின் நம்பர். கடையில் மூடியைத் திறந்தபடியே அடாப்டரில் வாசித்துக் காட்டினார்கள், நன்றாகவே கத்தியது. வீட்டுக்கு வந்து பேட்டரி போட்டு மூடினால் ஊமை. எல்இடி எரிகிறது, பைபாஸில் கிட்டார் கேட்கிறது, மிதித்தால் ஒன்றுமே இல்லை. போனில் கேட்டதற்கு, "இங்கிருந்து போறப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு, நீங்க கீழ போட்டிருப்பீங்க தம்பி" என்று பதில். திரும்பப் பார்க்க இன்னும் 600 ரூபாய் கேட்டிருக்கிறார்கள்.

பெடல் கீழே விழவில்லை. கோளாறு கடையிலேயே உள்ளே வைத்து மூடப்பட்டது.

பைபாஸில் சத்தம் வந்தால் கேபிளும் இரண்டு ஜாக்கும் சரி. எல்இடி எரிவதை வைத்துச் சர்க்யூட் உயிரோடு இருக்கிறது என்று நம்ப வேண்டாம். ஸ்விட்சில் அதற்குத் தனி வரிசை. கரண்ட் வருகிறது என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. அடுத்து மல்டிமீட்டர். 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை ஜாக்கின் கிரவுண்டில் பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையால் இரண்டு இடம் பார்த்தால் போதும். ட்ரான்சிஸ்டருக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று மூன்று கால். சிலிக்கான் போட்ட இந்தச் சர்க்யூட்டில் முதல் ட்ரான்சிஸ்டரின் கலெக்டரில் 1.2 முதல் 1.4 வோல்ட், இரண்டாவதின் கலெக்டரில் 4.5 வோல்ட் சுமாராக வர வேண்டும். இந்தப் பெடலில் மூடி திறந்திருக்கும்போது 1.3, 4.7. குறையே சொல்ல முடியாத அளவு.

உள்ளே பார்த்தால், ட்ரான்சிஸ்டர் இரண்டையும் கால் வெட்டாமல் சாக்கெட்டில் செருகி நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றரை சென்டிமீட்டர் உயரக் கம்பிக்கால் மேல் ஒரு தகரத் தொப்பி, தொட்டாலே ஆடுகிறது. பக்கத்திலேயே வால்யூம் கண்ட்ரோலின் முதுகு. மூங்கில் குச்சியால் முதல் தொப்பியை அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்ததும் 1.3 பூஜ்யமாகிறது, 4.7 ஏறி 8.9-ல் நிற்கிறது, ஆம்பில் சத்தம் அறுந்துபோகிறது. விட்டால் திரும்ப வருகிறது. பேட்டரியை வைத்து மூடியை முடுக்கும்போது குச்சி செய்த வேலையைப் பேட்டரி செய்கிறது.

காரணம் இதுதான். பிசி108, 2என்2222ஏ மாதிரியான சின்ன உலோகத் தொப்பி ட்ரான்சிஸ்டர்களில் தொப்பியே கலெக்டர். கண்ட்ரோலின் முதுகு பெட்டியோடு சேர்ந்தது, பெட்டி கிரவுண்ட். முதல் கலெக்டர் கிரவுண்டானால் அதோடு நேராக இணைந்த இரண்டாவதின் பேஸும் கிரவுண்ட். இரண்டாவது ட்ரான்சிஸ்டர் அடைத்துக்கொள்ளும், அதன் கலெக்டர் பேட்டரி வோல்டேஜுக்கே ஏறிவிடும்.

ஏமாற்று வேலையும் அந்தத் தொப்பியில்தான் வெளிப்பட்டது. மேலே நம்பரை உப்புக்காகிதத்தால் தேய்த்து அழித்த கீறல் பளபளவென்று தெரிகிறது. சாக்கெட்டிலிருந்து கழற்றி, மீட்டரை டயோடு நிலையில் வைத்து பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே பார்த்தால் ஜெர்மேனியம் 0.2, 0.3 வோல்ட் காட்டும், சிலிக்கான் 0.6, 0.7. இது காட்டியது 0.67. அதுவும் சிவப்பு முனை பேஸில் இருக்கும்போது, அதாவது என்பிஎன் வகை. ஏசி128 நேரெதிரான பிஎன்பி வகை, அதற்குக் கறுப்பு முனைதான் பேஸில் இருக்க வேண்டும். ஏசி128 போட்டிருந்தால் பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்டுக்குப் போயிருக்கும், 2.2 மைக்ரோஃபேரட் இன்புட் கெபாசிட்டரும் ஃபஸ் கண்ட்ரோலில் உள்ள 22 மைக்ரோஃபேரடும் பிளஸ் மைனஸ் மாறித் திரும்பியிருக்கும். இங்கே ஒன்றும் திரும்பவில்லை. சிலிக்கானைக் கழற்றிவிட்டு வேறு சிலிக்கானைப் போட்டு ஜெர்மேனியம் விலை வாங்கியிருக்கிறார்கள்.

1966-ல் லண்டன் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸ் ஜெர்மேனியம்தான், அந்த மெத்தென்ற சத்தத்துக்கு ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் ஜெர்மேனியத்தில் சூடு 10 டிகிரி ஏறினால் லீக்கேஜ் (தானாகக் கசியும் கரண்ட்) ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஊட்டியில் சரியாக நின்ற பயாஸ் (ட்ரான்சிஸ்டர் வேலைசெய்யும் வோல்டேஜ் நிலை) ஈரோட்டுச் சித்திரை வெயிலில், பந்தலுக்கு அடியில் நிற்காது. பிளஸ் கிரவுண்டில் இருக்கும் பெடலை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால் ஷார்ட்டும் ஆகும். உண்மையாகவே ஜெர்மேனியம் போடுகிறவர் இந்த இரண்டையும் முதலிலேயே சொல்வார்.

சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகாது. கால்களை 6 மில்லிமீட்டருக்கு வெட்டி, தொப்பி மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) ஏற்றி, கண்ட்ரோலின் முதுகில் இன்சுலேஷன் டேப் ஒட்டினால் முடிந்தது.

உங்கள் பெடலில் வோல்டேஜ் இரண்டும் சரியாக இருந்தும், குச்சியால் எதை ஆட்டினாலும் சத்தம் வரவில்லையா? ஒரு பழைய கிட்டார் கேபிளின் நடுக்கம்பியில் 104 (0.1 மைக்ரோஃபேரட்) கெபாசிட்டரைப் பற்றவைத்து ஆம்பில் மாட்டுங்கள். ஆம்ப் வால்யூம் குறைவாக இருக்கட்டும். பெடலில் கிட்டாரை வாசித்தபடி, கெபாசிட்டரின் மறுகாலால் இன்புட், முதல் பேஸ், முதல் கலெக்டர், இரண்டாவது கலெக்டர், அவுட்புட் கெபாசிட்டரின் மறுபக்கம், வால்யூம் கண்ட்ரோலின் நடுக்கால், ஸ்விட்ச் என்று தொட்டுக்கொண்டே போங்கள். சத்தம் நின்ற இடத்துக்கும் அதற்கு முந்தின இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. ஒன்பது கால் ஸ்விட்சை மாற்றியிருந்தால் அதை முதலில் சந்தேகப்படுங்கள். சால்டரிங் அயர்னை ஒரு காலில் நாலைந்து விநாடிக்கு மேல் வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகிக் காண்டாக்ட் நகர்ந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

கொடுக்கும் முன் உள்ளே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகங்களைக் கவரில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். நம்பர் அழித்த ட்ரான்சிஸ்டரை ஏற்காதீர்கள், மீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். முக்கியமாக, பேட்டரி போட்டு நாலு ஸ்க்ரூவையும் முடுக்கிய பிறகு வாசித்துப் பாருங்கள். "தொறந்தே பாத்துக்கலாங்க" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அந்தத் தம்பியின் பழைய பிசி108 இரண்டும் இன்னும் திரும்பி வரவில்லை.