புதிய தலைமைப் பயிற்சியாளரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? மூன்று வகை நியமனங்கள், ஓர் ஒப்பீடு

2025 அக்டோபர் 12 தொடங்கி நவம்பர் 2 வரை வரிசையாக நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். பென் ஸ்டேட், ஃபுளோரிடா, எல்.எஸ்.யு., ஆபர்ன் என்று அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் (நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடும் ஆட்டம்) நான்கு பெரிய அணிகள், வாரத்துக்கு ஒன்றாகத் தங்கள் தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பின. டிசம்பர் முதல் வாரத்துக்குள் நான்கு இடங்களும் நிரம்பிவிட்டன. இப்போது அந்த நான்கு ஊர் ரசிகர்களுக்கும் ஒரே கேள்விதான். 2026-இல் எத்தனை வெற்றி கேட்பது நியாயம், எத்தனை வருடம் பொறுப்பது நியாயம்?

எந்த வகை ஆளை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் மாறும். சந்தையில் மூன்று வகை உண்டு. ஏற்கெனவே கோப்பை தொட்ட பெரிய பெயர். பெரிய அணியில் தாக்குதலையோ தடுப்பையோ நடத்திய கோஆர்டினேட்டர். சிறிய பல்கலைக்கழகங்களில் தலைமைப் பொறுப்பில் இருந்து ஜெயித்துக் காட்டியவர். நான் மூன்றாவது வகையின் பக்கம். ஆனால் அதற்குள்ளேயே ஒரு முக்கியமான பிரிவு இருக்கிறது. பெரும்பாலான ரசிகர்கள் ஏமாறுவது அங்கேதான்.

பெரிய பெயர்களை முதலில் முடித்துவிடலாம். ஃபுளோரிடா ஸ்டேட்டில் 2013 தேசியப் பட்டம் வென்ற ஜிம்போ ஃபிஷரை டெக்சஸ் ஏ அண்ட் எம் 10 வருடத்துக்கு 7.5 கோடி டாலர் பேசி அழைத்து வந்தது. 2020-இல் 9-1 (ஒன்பது வெற்றி, ஒரு தோல்வி) வந்ததும் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டியது. 2023 நவம்பரில் அவரை அனுப்பியபோது கொடுக்க வேண்டியிருந்த பைஅவுட், அதாவது ஒப்பந்தத்தை முறிப்பதற்கான இழப்பீடு, அந்த முதல் ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையையே தாண்டிவிட்டது. அவர் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் அதில் ஒரு டாலர் குறையாது என்பதுதான் ஷரத்து. தொழில்முறை ஃபுட்பாலில் தலைமைப் பயிற்சியாளராக ஆறு சூப்பர் பவுல் பட்டம் வென்ற பில் பெலிசிக், நார்த் கரோலினாவில் முதல் ஆட்டத்தை டி.சி.யு.விடம் 48-14 என்று தோற்று, 2025 சீசனை 4-8-இல் முடித்தார். பெயரால் டிக்கெட் விற்கும், தொலைக்காட்சி நேரம் கிடைக்கும். 19 வயதுப் பையன்களை வருடாவருடம் புதிதாகச் சேர்த்துப் பழக்கும் வேலை அதில் அடங்காது.

கோஆர்டினேட்டர் வகையை அப்படித் தள்ளிவிட முடியாது. அலபாமாவின் தடுப்பை நடத்திய கெர்பி ஸ்மார்ட் ஜார்ஜியாவுக்கு வந்த முதல் வருடம் 8-5, அடுத்த வருடமே தேசிய இறுதி ஆட்டம், பிறகு 2021, 2022 இரண்டு பட்டங்கள். ஜார்ஜியாவின் தடுப்பை நடத்திய டான் லானிங், ஆரகனில் 10-3, 12-2, 13-1 என்று ஏறினார். ஓஹையோ ஸ்டேட்டில் உள்ளிருந்தே உயர்த்தப்பட்ட ரையன் டே முதல் முழு சீசனில் 13-1. இந்த மூன்று வீட்டிலும் அவர்கள் வரும்போதே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆட்கள் இருந்தார்கள், பணம் இருந்தது, பள்ளி மாணவர்களை இழுக்கும் பெயரும் இருந்தது. அதே அலபாமா தடுப்பிலிருந்து ஜெரமி ப்ரூயிட் போனது நொறுங்கிக் கிடந்த டென்னசிக்கு. மூன்று சீசனில் 16-19. ஆகவே கோஆர்டினேட்டரை எடுத்த அணியின் ரசிகர் முதலில் பார்க்க வேண்டியது முந்தைய மூன்று வருட வெற்றிக் கணக்கு. சராசரியாக ஒன்பது வெற்றிக்கு மேல் என்றால் இரண்டாம் வருடத்தில் பெரிதாகக் கேட்கலாம். ஐந்தாறுதான் என்றால், தலைமைப் பொறுப்பைப் புதிதாகக் கற்கிற ஒருவரிடம் இடிந்த வீட்டைக் கட்டவும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றாக நடப்பது அரிது.

இனி மூன்றாவது வகை. இங்கே ரசிகர்கள் பார்ப்பது வெற்றி சதவீதம். பார்க்க வேண்டியது, அவர் எத்தனை இடங்களில் ஜெயித்தார் என்பது. இந்த ஒரு கேள்வியை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன்.

ஸ்காட் ஃபிராஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 0-12 என்று கிடந்த யு.சி.எஃப். அணியை இரண்டே வருடத்தில் 13-0 ஆக்கினார். நெப்ராஸ்காவுக்கு 1997-இல் பட்டம் வென்று கொடுத்த குவார்ட்டர்பேக்கும், அதாவது களத்தில் தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரரும், அவரே. 2018-இல் அவர் வந்தபோது அந்த மாநிலம் முழுக்கக் கொண்டாடியதில் தவறே இல்லை. முடிவு 16-31. அடுத்து பில்லி நேப்பியர். லூசியானாவில் 40-12, ஃபுளோரிடாவில் 22-23. இருவரும் ஒரே ஓர் இடத்தில் ஜெயித்தவர்கள். அங்கே ஜெயித்ததில் பயிற்சியாளரின் பங்கு எவ்வளவு, அந்த ஊரில் அந்த நேரத்தில் கையில் இருந்த குவார்ட்டர்பேக்கின் பங்கு எவ்வளவு என்று ஒரே சாட்சியத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

எதிர்ப்பக்கம் கர்ட் சிக்னெட்டி. அலபாமாவில் நிக் சேபனின் உதவியாளர் வேலையை விட்டு, இரண்டாம் பிரிவில் ஆடும் இண்டியானா யுனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியாவுக்கு 2011-இல் தலைமை ஏற்கப் போனார். பிறகு எலான், 2-9 ஆக இருந்த அணி முதல் வருடமே 8-4. அடுத்து ஜேம்ஸ் மேடிசனில் ஐந்து வருடம், 52-9. 13 சீசன், மூன்று கல்லூரிகள், தோல்வி அதிகமான சீசன் ஒன்றுகூட இல்லை. 2023 நவம்பர் இறுதியில் அவர் இண்டியானாவுக்கு (பென்சில்வேனியாவில் உள்ளது அல்ல, இது முதல் பிரிவின் பெரிய பல்கலைக்கழகம்) வந்தபோது அந்த அணி 3-9. அதன் வரலாற்றிலேயே ஒரு சீசனில் பத்து வெற்றி கிடையாது. முதல் வருடம் 11-2, இரண்டாம் வருடம் 16-0, தேசியப் பட்டம். கேலன் டீபோர் இன்னொரு சாட்சி. சூ ஃபால்ஸ் கல்லூரியில் 67-3. ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டில் ஒரு நல்ல சீசன். 4-8 ஆக இருந்த வாஷிங்டனை ஏற்று இரண்டு வருடத்தில் 25-3.

பல இடங்களில் ஜெயித்ததற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? புதிய பயிற்சியாளரின் முதல் ஏழு வாரத்தைப் பார்த்தால் புரியும். நவம்பர் கடைசியில் பதவி ஏற்கிறார். டிசம்பர் முதல் புதன்கிழமையே பள்ளி மாணவர்கள் கல்லூரி அணியில் சேரக் கையெழுத்திடும் நாள்; முந்தைய பயிற்சியாளரிடம் வாக்குக் கொடுத்த பையன்களில் யாரைத் தக்கவைப்பது என்று நாலைந்து நாளில் முடிவெடுக்க வேண்டும். பயிற்சியாளர் மாறிவிட்டதால், இருக்கிற ஆட்டக்காரர்களுக்கு வெளியேறத் தனியாக 15 நாள் அவகாசம் உண்டு. ஜனவரி 2 முதல் 16 வரை டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் பட்டியல், திறந்திருக்கும். அந்த வாரங்களில் 105 பேர் கொண்ட அணியின் ஓட்டைகளை எண்ணி, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விலை வைத்து, ஆளைக் கூட்டிவந்து கையெழுத்து வாங்க வேண்டும். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, முதல் வருடத்தில் 2.05 கோடி டாலர் வரை, ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். குவார்ட்டர்பேக்குக்கு எவ்வளவு, தடுப்பு வரிசைக்கு எவ்வளவு என்று பிரிப்பதும் இதே நாட்களில்தான். இடையில் உதவியாளர்களை நியமிக்க வேண்டும், குளிர்கால எடைப் பயிற்சியைத் தொடங்க வேண்டும், வசந்தகாலத்தின் 15 பயிற்சி நாட்களுக்கு வரைவு போட வேண்டும்.

இதை முதல் முறை செய்கிறவர் ஏதாவது ஒன்றைக் கோட்டைவிடுவார். மூன்றாவது, நான்காவது முறை செய்கிறவரிடம் ஆட்களும் வரிசையும் கையிருப்பில் இருக்கும். சிக்னெட்டி தன் இரண்டு கோஆர்டினேட்டர்கள் மைக் ஷனஹான், பிரையன்ட் ஹெய்ன்ஸ் இருவரையும் ஜேம்ஸ் மேடிசனிலிருந்து கூட்டிவந்தார். ஆட்டக்காரர்கள் 13 பேரும் கூடவே வந்தார்கள். லைன்பேக்கர் ஏடன் ஃபிஷர், கார்னர்பேக் டி'ஆஞ்செலோ பாண்ட்ஸ், ரிசீவர் எலைஜா சராட் அதில் அடக்கம். புது அணியின் முதுகெலும்புக்கு ஆட்டத் திட்டம் முதல் நாளே மனப்பாடம். டீபோர் வாஷிங்டனில் செய்ததும் இதே போன்றதுதான். 2019-இல் இண்டியானாவில் தாக்குதல் கோஆர்டினேட்டராக இருந்தபோது தன்னிடம் ஆடிய மைக்கேல் பெனிக்ஸை போர்ட்டல் வழியாக வாஷிங்டனுக்கு வரவழைத்தார்.

இந்த அளவுகோலும் தவறும். மேட் ரூல் டெம்பிளில் 2-10-இல் தொடங்கி மூன்றாம் வருடம் பத்து வெற்றி, பேய்லரில் 1-11-இல் தொடங்கி மூன்றாம் வருடம் 11-3. நெப்ராஸ்கா ரசிகர்கள் 2025-க்காக விரலை எண்ணிக் காத்திருந்தார்கள். வந்தது 7-6. இளம் ஆட்டக்காரர்களை உட்காரவைத்து வளர்த்து மூன்றாம் வருடம் அறுவடை செய்யும் முறை அவருடையது. போர்ட்டல் வந்தபின் அப்படி வளர்ந்த பையன் அறுவடைக்கு முன்பே வேறு ஊர் போய்விடலாம் என்பது ஒரு காரணமாக இருக்கக்கூடும். நேரடிச் சம்பளம் வந்து ஒரு சீசன்தான் முடிந்திருக்கிறது. பழைய சாதனைகளில் எவை இந்தக் காலத்துக்கும் செல்லும் என்று அடித்துச் சொல்ல அது போதாது. பிரையன் கெல்லியும் விதிவிலக்குதான். கிராண்ட் வேலி ஸ்டேட், சென்ட்ரல் மிச்சிகன், சின்சினாட்டி, நோட்ர டேம் என நான்கு இடங்களில் ஜெயித்தவர். எல்.எஸ்.யு.வில் 34-14 எடுத்தும் நாலாவது சீசனின் நடுவில் வேலை போனது. அவருக்கு முன் அங்கே இருந்த சேபன், லெஸ் மைல்ஸ், எட் ஆர்ஜரான் மூவருமே தேசியப் பட்டம் வென்றவர்கள். அந்த வீட்டில் பத்து வெற்றி என்பது தேர்ச்சி மதிப்பெண் மட்டுமே.

வெற்றி எண்ணிக்கையை எப்படிக் கேட்பது? ரசிகர்கள் 12 ஆட்டப் பட்டியலைப் பார்த்து, ஜெயிக்கக்கூடியதை எல்லாம் ஜெயித்ததாக எண்ணிவிடுகிறார்கள். மூன்றாகப் பிரியுங்கள். நிச்சய வெற்றிகள், இரண்டு பக்கமும் சாயக்கூடியவை, பெரும்பாலும் தோற்கக்கூடியவை. நடுவில் உள்ளதில் பாதியை மட்டும் எடுங்கள். நான்கு நிச்சயம், ஆறு நடுத்தரம், இரண்டு கடினம் என்றால் கணக்கு ஏழு, ஒன்பது வராது. எஸ்.இ.சி. என்ற மாநாடு (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் குழு) 2026 முதல் எட்டுக்குப் பதில் ஒன்பது உள்மாநாட்டு ஆட்டங்கள் ஆடுகிறது. எனவே அதில் ஆடும் எல்.எஸ்.யு., ஃபுளோரிடா, ஆபர்ன் மூன்றுமே பழைய கணக்கிலிருந்து அரை வெற்றியைக் கழித்துக்கொள்வது நல்லது.

முதல் சீசன் நடக்கும்போது வெற்றி தோல்வியை விட எட்டுப் புள்ளி அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களைக் குறித்து வையுங்கள். பொதுவாக இவை காலப்போக்கில் பாதிக்குப் பாதி என்று வந்து நிற்கும். முதல் வருடம் இப்படி ஐந்து ஆட்டம் வந்து ஐந்தையும் ஜெயித்த அணி அடுத்த வருடம் இறங்கும், ஐந்தையும் தோற்ற அணி ஏறும். ஃபிராஸ்ட்டின் நெப்ராஸ்கா இதற்கு அடங்கவில்லை. இப்படிப்பட்ட ஆட்டங்களில் 5-22. அதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்ப முடியாத எண் அது. 2021-இல் மிச்சிகன் ஸ்டேட்டிடம் பண்ட் ரிட்டர்ன் (பந்தை விட்டுக்கொடுத்து தூரமாக உதைப்பது பண்ட், அதைப் பிடித்து எதிரணி திரும்ப ஓடுவது ரிட்டர்ன்), அயோவாவிடம் தடுக்கப்பட்ட பண்ட். 2022-இல் டப்ளினில் நார்த்வெஸ்டர்னை விட 11 புள்ளி முன்னால் இருக்கும்போதே ஆன்சைட் கிக் (உதைத்த பந்தைத் தானே மீண்டும் பிடிக்க முயலும் குட்டை உதை) அடித்து, அந்த ஆட்டத்தை 31-28-இல் இழந்தது. உதைக்கும் பிரிவிலும் பக்கவாட்டுக் கோட்டில் எடுக்கும் முடிவிலும் தவறு திரும்பத் திரும்ப வந்தால் அது பயிற்சியின் குறை. மூன்றாம் வருடம் வரை காத்திருந்து பலன் இல்லை.

இந்த நான்கு பேருக்கும் இதைப் பொருத்தினால் என் வரிசை இப்படி வருகிறது. ஃபுளோரிடா எடுத்த ஜான் சம்ரால், ட்ராய், டுலேன் என்று இரண்டு இடங்களிலும் மாநாட்டுப் பட்டம் வென்றவர். இரண்டும் நல்ல நிலையில் கையில் கிடைத்தவை என்று தள்ளிவிடவும் முடியாது. ட்ராய் அதற்கு முன் மூன்று வருடமாக ஐந்து வெற்றிதான் எடுத்துக்கொண்டிருந்தது. நேப்பியரும் சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் என்பதால் ஃபுளோரிடா ரசிகர்கள் இவரையும் அதே தராசில் போடுகிறார்கள். அது சரியல்ல என்பேன். முதல் வருடம் ஏழு, இரண்டாம் வருடம் ஒன்பது கேட்கலாம். பென் ஸ்டேட்டின் மேட் கேம்பெல், டொலீடோவிலும் அயோவா ஸ்டேட்டிலும் சேர்த்து 14 சீசன் தலைமையில் இருந்தவர். பத்து வெற்றியே கண்டிராத அயோவா ஸ்டேட்டுக்கு 2024-இல் 11 வெற்றி கொடுத்தார். பணம் குறைந்த இடத்தில் கட்டியவர், பணம் இருக்கும் இடத்தில் எப்படிச் செலவழிப்பார் என்பது மட்டுமே அவரிடம் சோதிக்கப்படாத பகுதி. எட்டு, பிறகு பத்து.

எல்.எஸ்.யு.வின் லேன் கிஃபின், ஓல் மிஸ்ஸில் 55-19 எடுத்து, போர்ட்டலைப் பயன்படுத்துவதில் நாட்டிலேயே கைதேர்ந்தவர்களில் ஒருவராகப் பெயர் எடுத்தவர். வருடம் 1.3 கோடி டாலர் சம்பளம். அவரிடம் முதல் வருடமே பிளேஆஃப், அதாவது தேசியப் பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்று, கேட்பது நியாயம். அந்த வீடும் அதற்குக் குறைவாக ஏற்காது. ஆபர்னின் அலெக்ஸ் கோலேஷ் 1-11 ஆக இருந்த சவுத் ஃபுளோரிடாவை ஏற்று முதல் வருடமே 7-6, மூன்றாம் வருடம் ஒன்பது வெற்றி என்று கொண்டுவந்தார். நல்ல வேலைதான், ஆனால் ஒரே இடம். நான்கு பேரில் நான் குறைவாகக் கேட்பது இவரிடம். 2026-இல் ஆறு வெற்றி வந்து, அந்த ஆறும் இறுதி நிமிட அதிசயமாக இல்லாமல் இருந்தால் ஆபர்ன் ரசிகர்கள் இரண்டாம் வருடத்துக்கு நிம்மதியாகக் காத்திருக்கலாம்.