புது மெத்தையின் வாடையும் கடலோர ஈரமும்: சில வருட அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு வகை மெத்தைகள் இருக்கின்றன. ஒன்று, காற்றை உறிஞ்சிச் சுருட்டிப் பெட்டியில் அடைத்து வந்த மெமரி ஃபோம். மற்றொன்று, தேங்காய் நாரை ரப்பர் பாலால் பிணைத்துச் செய்தது. இரண்டையும் ஒன்றாகவே வாங்கினோம்; வருடக்கணக்கில் படுத்தும் பார்த்துவிட்டோம். அம்மாவுக்கு ஆஸ்துமா இருப்பதால், வாடையை லேசாக எடுத்துக்கொள்ள எங்களால் முடியாது.

ஃபோம் மெத்தையைப் பிரித்தவுடன் புதுப் பெயிண்டும் பசையும் கலந்தது போன்ற நெடி. புதிது என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார் கடைக்காரர். அது பாதி உண்மை. பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்கள் வினைபுரிந்து, பொங்கி இறுகுவதுதான் பாலியூரிதேன் ஃபோம். ஐசோசயனேட் பொல்லாதது, தொழிற்சாலையில் அதைச் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமாவையே உண்டாக்கக்கூடியது. ஆனால் ஃபோம் இறுகும்போது அது வினையில் செலவாகிவிடுகிறது. நம் மூக்குக்கு எட்டுவது பெரும்பாலும் வினையூக்கியாகச் சேர்த்த அமீன்கள், பசை, எளிதில் ஆவியாகும் பிற சேர்மங்கள் ஆகியவைதான். பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தவை, பிரித்ததும் மொத்தமாக வெளியேறுகின்றன.

அதனால் உறையைக் கழற்றி, மெத்தையைக் கூடத்துச் சுவரில் சாய்த்து, ஜன்னல்களைத் திறந்து மின்விசிறியை ஓடவிட்டோம். நெடி முழுவதும் அடங்கும்வரை அம்மாவை அதில் படுக்க விடவில்லை. ஏசி போட்டுக் கதவைச் சாத்திய அறையில் வைத்தால் அத்தனையும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். சாம்பிராணி போடுங்கள், அந்துருண்டை வையுங்கள் என்றெல்லாம் அக்கம்பக்கத்தில் யோசனை சொன்னார்கள். இரண்டுமே கூடாது. ஆஸ்துமாக்காரர் படுக்கும் அறையில் புகையும் நாஃப்தலீனும் மெத்தை நெடியைவிட மோசமானவை.

நார் மெத்தையிலும் வாடை இருந்தது. கந்தகம் கலந்த ரப்பர் வாடை. மரத்திலிருந்து வந்த பால்தான் என்றாலும், அது கெடாமலிருக்க அம்மோனியாவும், இறுக்கம் பெறக் கந்தகமும் சேர்க்கிறார்கள். 'இயற்கை' என்று அட்டையில் எழுதிவிட்டால் வாடை வராது என்று பொருளில்லை.

புது வாடை போய்விடும். எங்களை உண்மையில் படுத்தியது ஐப்பசி, கார்த்திகை மழைதான். கடற்காற்றின் ஈரமும் அடைமழையும் சேர்ந்து, பிளைவுட் பலகைமேல் கிடந்த நார் மெத்தையின் அடிப்பக்கத்தில் மிளகளவுக் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்தது. கூடவே புழுங்கிய வாடை. அம்மாவுக்கு இழுப்பு அதிகமானது அப்போதுதான். பலகையை எடுத்துவிட்டு இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்தோம். மழைக்காலத்தில் அடிக்கடி மெத்தையை நிமிர்த்தி வைத்துக் காற்றாட விடுகிறோம். அதன்பிறகு பூஞ்சை வரவில்லை.

இலவம்பஞ்சு மெத்தையை மொட்டைமாடி வெயிலில் போட்டுத் தட்டி எடுப்பது நம் வீடுகளின் நல்ல பழக்கம். ஃபோமுக்கும் ரப்பருக்கும் அது ஆகாது; புற ஊதாக் கதிர் இரண்டையும் சிதைக்கும். ஜன்னலோரம் வெயில்பட்ட ஃபோம் மூலையில் ஜிப்பைத் திறந்து பார்த்தேன். மஞ்சளாகியிருந்தது, நகத்தால் கீறினால் ரவை போல உதிர்ந்தது. நிழலில் காற்றாட வைத்தாலே போதும்.

சான்றிதழ் விஷயத்தில் விடாப்பிடியாக இருங்கள். செர்டிபூர்-யுஎஸ் என்ற சான்று ஃபோமுக்கு மட்டுமே பொருந்தும்; உறையையும் பசையையும் அது பார்ப்பதில்லை. ஆவியாகும் சேர்மங்கள் மில்லியனில் 0.5 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அதன் வரம்பு. துணிகளில் தீங்கான வேதிப்பொருட்கள் இருக்கின்றனவா என்று சோதித்துத் தரும் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 சான்றில் முதல் வகுப்பு, மூன்று வயதுவரையிலான குழந்தைகளின் பொருட்களுக்கானது. வரம்புகளில் அதுவே மிகக் கடுமையானது. சான்றின் எண்ணை, அதை வழங்கும் அமைப்பின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். தங்கையின் குழந்தைக்கு மெத்தை வாங்கப் புதுச்சேரியில் கடை கடையாக ஏறியபோது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்டேன். பலர் மழுப்பினார்கள். ஒரு கடையில் மட்டும் லேபிளைத் திருப்பி எண்ணைக் காட்டி, எந்தப் பொருளில் செய்தது என்பதையும் பில்லிலேயே எழுதிக் கொடுத்தார்கள். அங்கேதான் வாங்கினோம்.