புது டாட் 3-ஆ, பழைய டாட் 4-ஆ? மலையிறங்கும் காருக்கு எந்த பிரேக் ஆயில் நல்லது

மதுரையிலிருந்து மேற்கேயோ வடக்கேயோ காரை எடுத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏதாவது ஒரு மலை வந்துவிடும். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல், திண்டுக்கல் பக்கம் சிறுமலை, போடியைத் தாண்டினால் போடிமெட்டு, சின்னமனூரிலிருந்து மேகமலை, கம்பம் கூடலூர் தாண்டிக் குமுளி. கிளம்புகிற அன்று டயருக்குக் காற்றடிக்கிறோம், இன்ஜின் ஆயில் பார்க்கிறோம், கூலன்ட் பார்க்கிறோம். பிரேக் ஆயிலைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. கேட்பவர்களும் ஆயிலின் தர எண்ணை வைத்து "டாட் 3 ஊத்தலாமா, டாட் 4 ஊத்தலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். அதைவிட முதலில் கேட்க வேண்டியது, இப்போது உள்ளே இருக்கும் ஆயில் எத்தனை வருடத்துப் பழசு என்பதை.

பெடலை மிதிக்கும்போது நம் காலின் அழுத்தம் பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இந்தத் திரவம் வழியாகத்தான் நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால் மிதித்த அழுத்தம் அப்படியே, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேடுக்குப் போய்ச் சேர்கிறது. அதே திரவம் சூடேறிக் கொதித்துவிட்டால் லைனுக்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆவி சுருங்கக்கூடியது. மிதிக்கிற மிதி முழுவதும் குமிழிகளைச் சுருக்குவதிலேயே போய்விடும். பெடல் பஞ்சு மாதிரி தரைவரை இறங்கும், கார் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் ஈத்தர் வகை. காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும், பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் உள்ள சிறு காற்றுவழி வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். கார் ஓடினாலும் சரி, வீட்டு வாசலில் கவர் போட்டு நின்றாலும் சரி, இது நடந்துகொண்டேதான் இருக்கும். "நம்ம ஊர் வறண்ட ஊர்தானே" என்று நினைக்க வேண்டாம். வைகைக்கரைக் காற்றிலும் ஈரம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். குறைவாக ஓட்டுகிறவர் "பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலையே" என்று சொல்வது இன்ஜின் ஆயிலுக்கு ஓரளவு பொருந்தலாம், பிரேக் ஆயிலுக்குப் பொருந்தாது.

எண்கள் சொல்வது

டாட் எண்கள் அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி எண் 116-லிருந்து வருபவை. ஒவ்வொரு வகையும் குறைந்தது எத்தனை டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்று அது சொல்கிறது.

டாட் 3: புதிதாக 205, ஈரம் ஏறியபின் 140.
டாட் 4: புதிதாக 230, ஈரம் ஏறியபின் 155.
டாட் 5.1: புதிதாக 260, ஈரம் ஏறியபின் 180.

ஈரம் ஏறியது என்பதற்கு அந்தச் சோதனையில் வைத்திருக்கும் கணக்கு சுமார் 3.7 சதவீதம் தண்ணீர். பல வருடம் ஆயில் மாற்றாமல் ஓடும் காரில் இந்த அளவு ஈரம் சேர்வது அரிதான விஷயம் இல்லை.

இப்போது குறுக்காக ஒப்பிட்டுப் பாருங்கள். புது டாட் 3-க்கும் புது டாட் 4-க்கும் நடுவே 25 டிகிரிதான் வித்தியாசம். ஆனால் புது டாட் 4-க்கும் ஈரம் ஏறிய டாட் 4-க்கும் நடுவே 75 டிகிரி. இன்று பாட்டிலைத் திறந்து ஊற்றிய டாட் 3, நான்கைந்து வருடம் கிடந்த டாட் 4-ஐவிட 50 டிகிரி கூடுதலாகத் தாங்க வாய்ப்பிருக்கிறது. அதிக விலை கொடுத்து உயர்ந்த எண் வாங்கி ஊற்றிவிட்டு அதை மறந்துவிடுபவரைவிட, சாதாரண ஆயிலைக் காலத்தில் மாற்றுபவரின் கார் மலையில் பத்திரமாக இறங்கும். நான் அழுத்திச் சொல்ல வந்தது இதைத்தான்.

இதனால் டாட் 3-ஏ போதும் என்று அர்த்தமில்லை. டப்பா மூடியிலேயே எந்த எண் என்று அச்சிட்டிருப்பார்கள். டாட் 4 என்று போட்டிருந்தால் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. டாட் 3 போட்டிருக்கும் காரில் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் கலக்கும். மலைப்பயணம் அதிகம் என்றால் அடுத்த முறை மாற்றும்போது டாட் 4-க்குப் போய்விடுவது நல்லது, விலை வித்தியாசம் பெரிதில்லை. டாட் 5.1 நல்ல ஆயில்தான், ஆனால் கோரிப்பாளையம் சிக்னலுக்கும் மாட்டுத்தாவணிக்கும் நடுவே ஓடி, வருடத்துக்கு இரண்டு முறை மலையேறும் குடும்பக் காருக்குக் கட்டாயமில்லை.

டாட் 5 மட்டும் வேறு சாதி. அது சிலிக்கோன் ஆயில், மற்ற மூன்றோடும் கலக்கக் கூடாது, ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காருக்கும் ஏற்றதில்லை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். 5-ம் 5.1-ம் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதேபோல இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ அவசரத்துக்குக்கூட இந்த டப்பாவில் ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். அப்புறம் மொத்த பிரேக் அமைப்பையும் பிரித்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஊரில் ஓட்டுவதும் மலையில் இறங்குவதும்

"இத்தனை வருஷமா மாத்தல, பிரேக் நல்லாத்தானே பிடிக்குது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டு சமவெளி வரை 1,800 மீட்டர் இறங்குகிறோம் என்று வையுங்கள். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 2 கோடி ஜூல். எழுபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். இதில் ஒரு பங்கை எதிர்க்காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜினும் பிரேக்கும்தான் பங்குபோட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்கினால் பெரும்பங்கு இன்ஜினுக்குப் போகும். நியூட்ரலில் விட்டு இறங்கினால் அத்தனையும் பிரேக்குக்கு. பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் சிலர் நியூட்ரலில் இறக்குகிறார்கள். இன்றைய இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெட்ரோல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு என்று பெட்ரோல் செலவாகும். அந்த மிச்சமும் கிடையாது, பாதுகாப்பும் கிடையாது.

காளவாசலில் சிக்னலுக்குச் சிக்னல் நிறுத்தும்போது டிஸ்க் ஆறுவதற்கு நேரம் கிடைக்கிறது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த நேரம் கிடைக்காது. ஊரில் பிரச்சினையே காட்டாத பழைய ஆயில், மலையில் முதல்முறையாகத் தன் வயதைக் காட்டும்.

பிரேக்கை அழுத்தி அழுத்தி இறங்கி வந்து கொடைக்கானல் சாலையில் இருக்கும் டம் டம் பாறையில் டீ குடிக்க நிறுத்துகிறோம். ஓடும்போது காற்றுப் பட்டு ஆறிக்கொண்டிருந்த டிஸ்க், நின்றதும் தன் சூட்டை, பேடை அழுத்தும் காலிப்பருக்கும் அதற்குள் இருக்கும் ஆயிலுக்கும் தள்ளும். ஆயில் கொதிப்பது அந்த நேரத்திலும் நடக்கலாம். அதனால் நிறுத்தி எடுக்கும்போது, காரை நகர்த்துவதற்கு முன்பே பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிடுங்கள்.

மலையில் பிரேக் பிடிக்காமல் போவதில் இரண்டு வகை உண்டு, இரண்டும் காலுக்கு வேறு வேறாகத் தெரியும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்து கார் நிற்காமல், கருகல் வாடை அடித்தால் பேட் சூடாகிப் பிடிமானத்தை இழந்திருக்கிறது. பெடல் கொழகொழவென்று கீழே இறங்கினால் ஆயில் கொதித்திருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. முதல் வகைக்கு கியரைக் குறைத்து, நின்று ஆறவிட்டால் பிடிமானம் திரும்பும். இரண்டாவது வகையில் பெடலை வேகமாகப் பலமுறை பம்ப் அடித்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக, பட்டனை அழுத்திப் பிடித்தபடியே இழுக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைச்சுவர்ப் பக்கம் காரை ஒதுக்குங்கள். ஆறிய பிறகு பெடல் பழையபடி நன்றாக வந்துவிடும். அதை நம்பி மறுபடி ஓட்டுவதுதான் ஆபத்து. குமிழி மறைந்திருக்கிறது, ஈரம் அப்படியேதான் உள்ளே இருக்கிறது.

ஊற்றுவதா, உறிஞ்சி மாற்றுவதா, முழுதும் மாற்றுவதா

"ஆயில் கொஞ்சம் கம்மியா இருக்குண்ணே, ஊத்தி விட்டுர்றேன்" என்று சொல்லும் ஒர்க்‌ஷாப்கள் நிறைய. டாப்-அப் செய்வது பராமரிப்பு ஆகாது. ஆயில் ஆவியாகிக் குறைவதில்லை. பேட் தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். அதனால் அளவு குறைவது பேட் தேய்ந்திருப்பதன் அடையாளம். அதை மூடி மறைத்து நிரப்பிவிட்டால், புது பேட் போட்டு பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் வழிந்து பெயின்ட்டையும் அரிக்கும். பேட் தேயாமல் அளவு மட்டும் மளமளவென்று குறைந்தால் ஒழுகல் இருக்கிறது. இரண்டு நிலைமையிலும் ஊற்றுவது பதில் இல்லை.

இரண்டாவது வழி, டப்பாவில் இருப்பதை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஆயில் நிரப்புவது. டப்பா பளிச்சென்று தெரியும், வேலை பத்து நிமிடத்தில் முடியும், பில்லில் "பிரேக் ஆயில் மாற்றம்" என்றும் வந்துவிடும். ஆனால் கொதிக்கும் இடம் டப்பா இல்லை, சக்கரத்தோரம் இருக்கும் காலிப்பரும், டிரம் பிரேக்கில் அதே வேலையைச் செய்யும் வீல் சிலிண்டரும்தான். அங்கே பழைய ஆயிலே கிடக்கும். எதுவுமே செய்யாததைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் சரியான வழி: நான்கு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளைத் திறந்து, பழையது முழுதும் வெளியேறிப் புது ஆயில் தெளிவாக வரும்வரை விடுவது. சின்னக் காருக்கு ஒரு லிட்டர் போதும். பெரும்பாலான கார்களின் கையேடு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்கிறது. சில மூன்று வருடம் வரை விடுகின்றன. உங்கள் காரின் கையேட்டில் இருப்பதைப் பின்பற்றுங்கள்.

இதை கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுப்பதா, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதா? ஏபிஎஸ் யூனிட்டுக்குள் இருக்கும் ஆயிலை வெளியேற்ற சில கார்களில் காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் இணைக்க வேண்டும். அந்த மாதிரிக் காருக்கு ஸ்கேனர் உள்ள இடம்தான் சரி. மற்ற கார்களுக்கு நல்ல மெக்கானிக் தாராளமாகப் போதும், ஏனென்றால் அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூடும் பழைய முறையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வயதான காரில் பெடலைத் தரைவரை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் சீல், வழக்கமாகப் போகாத துருப்பிடித்த பகுதியில் உரசிக் கிழியலாம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துத் தடுக்கும் மெக்கானிக்கைக் கண்டால் விடாதீர்கள். பெடலை மிதிக்காமலே ஆயிலை அழுத்தித் தள்ளும் பிரஷர் மெஷின் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல கார்களில் அதுவும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் எடுக்கிறது. அந்த லைனையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

நிறத்தை வைத்து முடிவு செய்வது நம்பகமில்லை. கறுத்த ஆயில் பழசு என்று சொல்லலாம், ஆனால் வெளிறிய ஆயிலில் ஈரம் இல்லை என்று சொல்ல முடியாது. விளக்கு எரிந்து ஈரத்தைக் காட்டும் பேனா மாதிரி டெஸ்டர் கொஞ்சம் பரவாயில்லை. அதுவும் டப்பாவில் இருப்பதைத்தான் சொல்லும். ஆயிலைச் சூடாக்கிக் கொதிநிலையையே அளக்கும் கருவி இருந்தால் அதன் பேச்சைக் கேட்கலாம். எதுவும் இல்லையென்றால் காலண்டர்தான் சரியான டெஸ்டர்: மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டப்பா பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பாதி மீந்த பாட்டிலைப் பத்திரப்படுத்தி அடுத்த வருடம் ஊற்றுவதும் வேண்டாம். திறந்த பாட்டிலும் ஈரம் குடிக்கும்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று நினைக்கிறார்கள். அவற்றில் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் சூடாவது குறைவு, உண்மைதான். ஆனால் மேலே லாட்ஜில் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கினால், நிறைந்த பேட்டரியால் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள முடியாது. முதல் சில கிலோமீட்டருக்குச் சாதாரண பிரேக்தான் வேலை செய்யும். 80, 85 சதவீதத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. ஆயிலும் அதே கணக்கில் ஈரம் உறிஞ்சும்.

நாளைக் காலை குடும்பத்தோடு கிளம்ப வேண்டும், ஆயில் மாற்றி நான்கு வருடம் ஆகிவிட்டது, மெக்கானிக் காலையில்தான் கடை திறப்பார் என்றால் என்ன செய்யலாம்? மெதுவாகப் போய்க்கொள்ளலாம் என்பதும், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் எனக்குச் சம்மதமில்லை. ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு, அதனால் மேலே போய்ச் சேரும்வரை எல்லாம் நன்றாகவே இருக்கும். சோதனை திரும்பி வரும்போதுதான். நிதானமாகச் செய்தாலே ஒன்றிரண்டு மணி நேர வேலை, சில நூறு ரூபாய் ஆயில். காலையில் முதல் ஆளாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, ஆயிலை மாற்றி, பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்புங்கள்.