மாமியா 7 வாங்கப் போகிறவர்களுக்கு: என் 5,200 வெள்ளிக் கதை

மீடியம் ஃபார்மட் ரேஞ்ச்ஃபைண்டர் (அகலமான ஃபிலிம் போட்டு, வ்யூஃபைண்டரில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றுசேர்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா) மீது ஆசைப்பட்டு இணையத்தில் விலை பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பழைய கேமரா விற்கும் ஜப்பான் கடை ஒன்றில் மாமியா 7II பாடி, 80 மி.மீ., 150 மி.மீ. லென்ஸ்கள் மூன்றையும் சேர்த்து 5,200 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினேன். சிங்கப்பூரில் இறங்கியதும் அதற்கு மேல் 9% ஜிஎஸ்டி. கடையின் விளம்பரத்தில் ‘நியர் மின்ட்’ (கிட்டத்தட்டப் புதுசு) என்று போட்டுப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறி வேறு. லென்ஸில் ஃபங்கஸ் (பூஞ்சை) இல்லை, ஹேஸ் (மங்கல்) இல்லை, ரேஞ்ச்ஃபைண்டர் தெளிவு. கடைசி வரியில் பொடி எழுத்தில், ‘ஃபிலிம் போட்டுச் சோதிக்கவில்லை’. அந்த வரியை நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் வாங்கினேன். என்னை என்ன சொல்ல!

150 கிட்டத்தட்ட கொசுறு விலையில் வந்தது. இந்த வரிசையிலேயே மலிவான லென்ஸ்களில் ஒன்று அது. கண்ணாடி மோசம் என்பதால் அல்ல, ஃபோகஸ் செய்வது கடினம் என்பதால். வ்யூஃபைண்டரில் 150-க்கான சட்டம் நடுவில் தபால்தலை அளவுக்குத்தான் தெரியும். 2 மீட்டரில் லென்ஸை முழுக்கத் திறந்து எஃப்/4.5 வைத்தால் நாலு விரற்கடை ஆழம்தான் கூர்மையாக விழும். 80-ஐ எஃப்/8-க்குச் சுருக்கி வைத்து 3 மீட்டரில் எடுத்தால் ஒரு மீட்டருக்கு மேல் கூர்மை கிடைக்கும். பாடியில் ஃபோகஸ் கோளாறு இருந்தால் 80 அதை மூடி மறைத்துவிடும், 150 போட்டுக்கொடுத்துவிடும்.

எனக்கும் அதுதான் நடந்தது. முதல் ரோலை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் 80-ஐப் போட்டு எடுத்தேன். வெயில், எஃப்/11, பத்துப் படமும் பிரமாதமாக வந்திருந்தன. இரண்டாவது ரோல், ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்து 150-ல் எடுத்தது. காதோர நரைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம், கண் இரண்டும் பனிமூட்டம். அப்பா பிரிண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “என் காதை எதுக்கு தம்பி எடுத்திருக்க?” என்றார்.

லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவாக இருந்தால் எடுக்கும்போதே தெரிந்திருக்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. (மூடியைக் கழற்றாமல் ஒரு ரோல் முழுக்க எடுத்தவர்களும் நம்மில் உண்டு.) நடுக்கட்டத்தில் இரண்டு பிம்பமும் அழகாக ஒன்றுசேர்ந்தன, ஆனால் தப்பான இடத்தில். ‘தெளிவு’ என்று கடைக்காரர் எழுதியதில் பொய் இல்லை. தெளிவாகத்தான் இருந்தது. சரியாக இருக்கிறது என்று அவர் எங்கேயும் எழுதவில்லை.

திருப்பி அனுப்ப 14 நாள் கெடு. நான் ஆற அமர இரண்டு ரோல் எடுத்து, லேபில் கொடுத்து, ஸ்கேன் கைக்கு வரும்போது 17-வது நாள். புகார் எழுதினேன். உங்களுக்கு ரேஞ்ச்ஃபைண்டர் பழக்கம் போதாது என்று பதில் வந்தது. விடாமல் எழுதியதும், நல்ல மதிப்பீடு போட்டால் 5% திருப்பித் தருகிறோம் என்றார்கள். அதைப் படித்தபோதுதான் நிஜமாகவே கோபம் வந்தது.

ரிப்பேர்காரர் கேமராவைக் கையில் வாங்கிய அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் ஓரத்தில் ஒரு சின்ன நசுங்கல், மேல்தட்டுத் திருகுகளில் இரண்டின் பள்ளம் தேய்ந்திருந்தது. கீழே விழுந்திருக்கிறது, யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். லென்ஸை முடிவிலியில் (மிகத் தொலைவுக்கான ஃபோகஸில்) வைத்து ஜன்னல் வழியாக தூரத்துக் கிரேனைப் பார்க்கச் சொன்னார். கிரேன் இரண்டாகத் தெரிந்தது. ஃபிலிமே தேவையில்லாத சோதனை! பார்சல் பிரித்த அன்றே செய்திருக்கலாம். அது தேறினாலும் கிட்டத்தில் சரியாக இருக்கும் என்று நிச்சயமில்லை. அதனால் அன்றைக்கே ஒரு ரோல் போட்டு, லென்ஸை முழுக்கத் திறந்து, சாய்வாக நீட்டிய அளவு டேப்பில் ஓர் எண்ணுக்கு ஃபோகஸ் செய்து பத்துப் படம் எடுத்து, கூடுதல் காசு கொடுத்தாவது ஃபிலிமை உடனே கழுவி, அந்த எண்தான் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சரிசெய்ய 380 வெள்ளி ஆனது. அதுவும் என் அதிர்ஷ்டம், வெறும் அலைன்மென்ட் கோளாறு. இந்தக் கேமராவில் ஷட்டர் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் தனித்தனியாக இருக்கிறது, எல்லாம் எலக்ட்ரானிக். 6 வோல்ட் பேட்டரி செத்தால் ஒரு படம்கூட எடுக்க முடியாது. உள்ளே சர்க்யூட் போய்விட்டால் இன்னொரு கேமராவைப் பிரித்துத்தான் பாகம் எடுக்க வேண்டும் என்றார். மாமியா தன் கேமரா தொழிலை 2006-லேயே கைமாற்றிவிட்டது. லென்ஸ் மாற்றும்போது ஃபிலிமில் வெளிச்சம் படாமல் மூடும் உள்திரையையும் பாருங்கள், மடிப்போ ஓட்டையோ இருந்தால் வேண்டாம். 210 மி.மீ. மலிவாகக் கிடைத்தால் துள்ளாதீர்கள். அது ரேஞ்ச்ஃபைண்டரோடு இணையாது, தூரத்தை நாமே கணித்து வைக்க வேண்டும்.

அப்பாவை மறுபடி எடுக்க அவர் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

போன வாரம் அதே கடையில் இன்னொரு மாமியா 7 வந்திருக்கிறது. அதே மூன்று கூட்டல் குறி, அதே ‘ரேஞ்ச்ஃபைண்டர் தெளிவு’. மொத்தம் 14 படம் போட்டிருக்கிறார்கள், ஃபிளாஷ் மாட்டும் இடம் ஒன்றில்கூட முழுசாகத் தெரியவில்லை.