பிள்ளைக்கு கவுன்சிலிங் என்று 38,500 ரூபாயை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்: பெற்றோர் கவனத்துக்கு

ரீஃபண்ட் கிடையாது என்று இன்று காலை மெயில் வந்துவிட்டது. 38,500 ரூபாய். வயிறு எரிகிறது, அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஆளே மாறிவிட்டாள். எதற்கெடுத்தாலும் எரிச்சல். ராத்திரி தூக்கம் இல்லை. காலையில் வயிற்றுவலி, பள்ளிக்குப் போகமாட்டேன் என்பாள். ஆசையாகப் போன கீபோர்டு வகுப்பையும் விட்டுவிட்டாள். "வயசுக் கோளாறு, தானா சரியாகும்" என்றார் மாமியார்.

அப்போதுதான் போனில் விளம்பரம் வந்தது. பிள்ளைகளுக்கான ஆன்லைன் கவுன்சிலிங் ஆப். (பெயர் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் ஒன்றுதான் பாக்கி.) நம்பர் கொடுத்த கையோடு ஒரு பெண் அழைத்தார். அவசரமே படாமல் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். வீட்டில்கூட யாரும் என்னை அப்படிப் பேசவிட்டதில்லை. "அழாதீங்க மேடம், பாப்பாவ நாங்க பாத்துக்கிறோம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பணம் கட்டினேன். இருபது செஷன், இன்றைக்கே கட்டினால் சலுகை விலை 38,500. அவர் கவுன்சிலரே இல்லை, சேல்ஸ் பிரிவு என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு புது முகம். ஒவ்வொருவரிடமும் இவள் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருவர் பாசிட்டிவ்வாக நினைக்கச் சொன்னார், இன்னொருவர் போனைக் குறைக்கச் சொன்னார். படிப்பு என்ன என்று கேட்டால் 'சர்டிஃபைட் மைண்ட் கோச்'. கலர் கலராக ஒரு ரிப்போர்ட் அனுப்பினார்கள், அதன் இரண்டாம் பக்கத்தில் வேறொரு பிள்ளையின் பெயர்! "இனிமே யார்கிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன்" என்று லேப்டாப்பை மூடிவிட்டாள். வாயைத் திறக்க வைப்பதற்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். சாட்டில் 'உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம்' என்று ஒரு இயந்திரம். அந்தப் பெண்ணை அழைத்தால், "நான் இப்ப அந்த டீம்ல இல்ல மேடம்." மீதியை யோகா வகுப்புக்கு மாற்றிக்கொள்ளலாமாம். கடைசியில் வந்த மெயிலில் காரணம் 'பெற்றோர் ஒத்துழைப்பு போதவில்லை'.

இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுகிறோம். ஓ.பி. சீட்டுக்குக் காசு இல்லை. டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். தூக்கம், பசி, சாகணும்போல் தோன்றியதா என்பதுவரை கேட்டிருக்கிறார். டிப்ரஷன் இந்த வயதில் அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவும் வரும் என்று எனக்கு விளக்கினார். 38,500 வாங்கியவர்களில் ஒருவர்கூட அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கவில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருந்து தராமல் பேச்சு வழியாகச் சிகிச்சை தரும் உளவியலாளர்) என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். சைக்கியாட்ரிஸ்ட் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவரா என்று பாருங்கள். மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். யாரிடம் போவதென்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் ஆப், செஷன் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்துவிட்டேன். இதே மாதிரி பேக்கேஜ் வாங்கியவர்கள் ரசீதையும் சாட் மெசேஜ்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், என் சாட் மெசேஜ்களை அவர்கள் அழித்துவிட்டார்கள்.